கை சொன்னதும் கண் பார்த்ததும்

நாள் 88. காலை 9:10

நிலவின் தென்முனை முகாம். எழுதுவது பெலவேந்திரன், தொடர்புப் பொறுப்பு. மின்சாரம் சரி. காற்று சரி. காப்பித்தூள் தீர்ந்துவிட்டது. இதைப் படிப்பவர் யாராயிருந்தாலும் அடுத்த தடவை தாராளமாக அனுப்பவும்.

சுலைகா லாத்தா பாறை மாதிரிகள் எடுக்கப் பனிக்குழிக்குள் இறங்கிவிட்டார். அக்கா என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. காயல்பட்டினத்து வழக்கப்படி லாத்தாதான். காது கேட்காது. கைகளால்தான் பேச்சு. குழியிலிருந்து படம் அனுப்பும் அளவுக்குச் சிக்னல் கிடையாது. அதனால் கையுறை அவர் கையசைவையும், தலைக்கவசம் அவர் கண் போகும் திசையையும் குறிகளாக எழுதி அனுப்பும். எல்லாம் அவர் பக்கமிருந்து எழுதப்படும்: அவருக்கு இடது என்றால் குறியிலும் இடது. நான் அனுப்பும் செய்தி அவர் தலைக்கவசக் கண்ணாடியில் நேரெதிரே, என் முகப்படத்தோடு தெரியும்; அதனால் கண் 'நேரே' என்றால் என்னைப் பார்த்துச் சொல்கிறார் என்று பொருள். அவர் கை சொல்வதை இங்கே அவர் பேச்சாகவே எழுதுகிறேன்.

காலை 11:40

சிக்னல் மெலிகிறது. கண் குறிகளை நிறுத்திவிட்டேன். கை வந்தால் போதாதா? தெரிந்தால் லாத்தா முறைத்தே கொன்றுவிடுவார். "கையவே வெறிச்சுப் பாக்காதே தம்பி. பேசுறவ மொகத்தப் பாரு" என்று தினமும் ஒரு பாட்டு. காது கேட்கிறவர்கள் அத்தனை பேரும் இந்தத் தப்பைத்தான் செய்வோமாம்.

மதியம் 1:05

குழியின் ஓரம் சரிந்துவிட்டது. பனிக்கட்டிக்கு அடியில் லாத்தாவின் கால் மாட்டிக்கொண்டது. கை வழியாக வந்த செய்தி: "எனக்கு ஒண்ணுமில்லே. காத்து சாயங்காலம் வரைக்கும் தாங்கும். நீ தனியா எறங்காதே, ஓரம் இன்னும் சரியும்."

மேற்கு முகாமிலிருந்து தலைவர் வானமாமலை ரேடியோவில்: "வண்டி கெளம்பியாச்சு, நாலு மணிக்குள்ள வந்துரும். நீ எடத்த விட்டு அசையாத, கேட்டியா."

கேட்டேன். அசையவில்லை.

மதியம் 2:20

உட்கார்ந்திருக்க முடியவில்லை. மற்ற கருவிகளையெல்லாம் அணைத்துவிட்டுக் கண் குறிகளைத் திரும்பக் கேட்டேன். தலைக்கவசம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது.

"எனக்கு ஒண்ணுமில்லே." கண் நேரே.

"நீ தனியா எறங்காதே." கண் நேரே.

"காத்து தாங்கும்." கண் கீழே, இடப்பக்கம். பிறகு மூடியிருந்தது.

காற்று மீட்டர் இருப்பது இடது மணிக்கட்டில். மீட்டரைப் பார்த்துச் சொன்னால் தப்பில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு லாத்தா ஒருநாளும் பேசியதில்லை. என் முகத்தைப் பார்த்து அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. பச்சைப் பொய். நான் இறங்கிச் சாகக்கூடாது என்பதற்காகச் சொன்ன பொய்.

மதியம் 2:26

எவ்வளவு மிச்சம் என்று நேராகவே கேட்டேன். கை சொன்னது: "வராதே தம்பி." கண்: மீட்டர், நான், மீட்டர், நான்.

வானமாமலையிடம் சொன்னேன். "ஒனக்கு என்ன கிறுக்காவே" என்றார். கிளம்புகிறேன். பயமாக இருக்கிறது.

மதியம் 3:15

குழி ஓரம். கைக்கருவியில் பேசிப் பதிவு செய்கிறேன். கையுறையிலிருந்து ஒன்றும் வரவில்லை. விரல் விறைத்திருக்கும். கண் குறி மட்டும் வருகிறது. மேலே. மேலே. என் விளக்கைப் பார்க்கிறார். உயிர் இருக்கிறது. மாதாவே, உயிர் இருக்கிறது.

கயிறு கட்டியாயிற்று.

மதியம் 3:19

பாதி தூரம் இறங்கிவிட்டேன். கால் வைத்த இடமெல்லாம் உதிர்கிறது. நான் வந்துவிட்டேன் என்று தெரியட்டும் என்று விளக்கை இடப்பக்கம் ஆட்டினேன்.

மேலே.

வலப்பக்கம் ஆட்டினேன்.

மேலே.

லாத்தா, இந்தப் பக்கம் பாருங்க.

கண் அசைகிறதா என்று பார்க்க விளக்கை அணைத்தேன். ஒரே இருட்டு. பார்ப்பதற்கு ஒன்றுமே

மேலே.

மேலே.