பத்தாத சத்தம்

பெரியகுளத்தில் நேற்று மாலை பேசிக்கொண்டிருந்தேன். மேடைக்குப் பின்புறச் சாலையில் ஒரு வண்டி போயிற்று. அதன் பாட்டு செவிக்கு எட்டுமுன்பே மேசைமேல் இருந்த குவளையில் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. என் நெஞ்சுக்கூட்டிலும் அதே அதிர்வு. சொல்ல வந்ததை விழுங்கி ஒரு நொடி நின்றேன். கூட்டம் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டு கைதட்டியது. உங்களை நினைத்து நின்றேன் என்பதோ, அந்த நினைவில் அன்பை முந்திக்கொண்டு சினம் வந்தது என்பதோ அவர்களுக்குத் தெரியாது.

நான் ஐயப்படப் பழகியவள். ஆட்சியில் இருப்பவர் எதைக் கொடுத்தாலும், எதை எடுப்பதற்காகக் கொடுக்கிறார் என்று கேட்பதே என் மேடை. அந்தக் கண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர எனக்குத் தெரியாது. கணவர் என்பதற்காக உங்களுக்கு விலக்கு அளித்ததும் இல்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. தேவாரம் ஊரில் உங்கள் அரவை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில் நாட்டமே இல்லாத நீங்கள் ஒரு நாள் ஜீப்பின் பின்புறம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு சப்ஊஃபர் பெட்டியை ஏற்றி வந்தீர்கள். அதற்கு ‘அடியொலிப் பெட்டி’ என்று நான் பெயர் சூட்டினேன், நீங்கள் சிரிக்கவில்லை. என் சொல்லாக்கங்களைக் கிண்டல் செய்யாமல் விட்டவர் இல்லையே நீங்கள் என்று அன்றே ஒரு முள் தைத்தது.

முட்கள் அதற்கு முன்பே இருந்தன. கூட்டம் முடிந்து திரும்பும் வழியெல்லாம் என் பேச்சைப் பிரித்துப் போடுவீர்கள். இந்த இடத்தில் மூச்சு வாங்கிவிட்டாய், அந்தச் சொல் நம் சனத்துக்குப் புரியாது என்று ஊர் வந்து சேரும்வரை ஓயமாட்டீர்கள். ஓராண்டாக அது நின்றுபோயிருந்தது. “நல்லா இருந்துச்சு புள்ள” என்பதோடு சரி. அடுக்களையிலிருந்து நான் கேட்டவற்றுக்கு மறுமொழி வராது. மாலையானால் அல்லிநகரத்து ஒலிபெருக்கிக் கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள். கேட்டால், ஆம்ப்ளிஃபயர் பாதியில் நின்றுவிடுகிறது, பார்க்க வேண்டும் என்பீர்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை மாலைகள்? என் பேச்சின்மீது உங்களுக்கிருந்த பற்று செத்துவிட்டதா, வேறு யாரிடமாவது போய்ச் சேர்ந்துவிட்டதா? இதைத்தான் மேடையில் நின்றபோதும் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்சியார் என்னை அசைத்ததில்லை. உங்கள் அமைதி அசைத்தது.

ஒரு நாள் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போனேன். நீங்கள் தேநீர் குடிக்கப் போயிருந்தீர்கள். ஜீப் மட்டும் நின்றது. சூடேறிக் கருகிய கம்பிச்சுருளின் வாடை. கடைக்காரத் தம்பியிடம் மேடைக்கென்று தீட்டி வைத்திருந்த குரலில், இங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவருக்கு என்மீது ஐயம், வேலை சரியில்லையென்று சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று.

“என் வேலையில கொற இல்ல மதினி. பெட்டிக்குள்ள ரெண்டு ஸ்பீக்கரும் தனித்தனியா நாலு ஓம் தடை. பக்கம் பக்கமாச் சேத்துக் கட்டுனா ரெண்டு ஓமா எறங்கிரும். ஆம்ப் நாலுக்குக் கீழ தாங்காது. சூடேறி நின்னுரும், ஒரு நா எரிஞ்சே போகும்.”

ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் எட்டு ஓம், ஆம்ப்புக்குத் தொல்லை இல்லை, ஒலி மட்டும் சற்றுக் குறையும் என்றார். அப்படித்தான் அவர் ஒவ்வொரு முறையும் மாற்றிக் கொடுத்தாராம். நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து பழையபடி கட்டச் சொன்னீர்களாம்.

“கண்ணாடி கழண்டு விழுகுற மாதிரி அதிருது. அண்ணன் சத்தம் பத்தலைங்கிறாக. எனக்கே ஒரு மாதிரி இருக்கு மதினி. அவுக காதால கேக்கல, பெட்டி மேல கைய வச்சுப் பாக்குறாக.”

நீங்கள் வந்தீர்கள். ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டியதும், முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு, கூட்டத்துக்குப் பேசும் குரலில் சொன்னேன்: “நான் இனிமே மேடை ஏறப் போறதில்ல. இன்னையோட விட்டுட்டேன்.”

நீங்கள் சிரித்தபடி தலையாட்டினீர்கள். “நல்லா இருந்துச்சு புள்ள” என்றீர்கள்.

வண்டியை நிறுத்தச் சொல்லி உங்கள் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தீர்கள்.

“மில்லுச் சத்தம் காதத் தின்னுருச்சு. ஒன் கொரலு வருது, சொல்லு வரல.”

ஏன் மறைத்தீர்கள் என்று உங்கள் முகத்துக்கு நேரே கேட்டேன்.

“சொன்னா எனக்காகக் கத்த ஆரம்பிச்சிருவ. பாவம், ஊரு தாங்காது.”

அந்நேரத்திலும் உங்களுக்கு நையாண்டி. பிறகு பின்புறப் பெட்டியைக் காட்டினீர்கள். “அந்த இடி ஒண்ணுதான் ஒனக்கும் எனக்கும் ஒரே மாதிரிக் கெடைக்குது” என்றீர்கள். அதற்காகத்தான் அந்த ஆம்ப்பை எரியும் எல்லைவரை விரட்டியிருக்கிறீர்கள்.

மறுநாள் நானே உடன் வந்து எட்டு ஓமாகக் கட்டவைத்தேன். ஒலி குறைந்தது, நடுவில் நிற்கவில்லை. செவிக்கருவி வாங்கினோம், அது எல்லாவற்றையும் இரைச்சலாக்குகிறது என்று மேசை இழுப்பறையில் போட்டீர்கள். முகத்துக்கு நேரே பேசக் கற்றுக்கொண்டேன். நீங்கள் கண்மூடும்வரை அப்படியே பேசினோம்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன். என் பேச்சில் நீங்கள் கேட்ட கடைசிச் சொல் எது? கம்பத்திலா, சின்னமனூரிலா, எந்த மேடையில்? எத்தனையோ முறை கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை. அதனால் நீங்கள் தந்த பாராட்டுகளில் எது கேட்டுச் சொன்னது, எது உதட்டைப் பார்த்துச் சொன்னது, எது வெறுமனே என் மனம் நோகாமல் இருக்கச் சொன்னது என்று பிரிக்கவே முடியவில்லை. எல்லாவற்றின் மேலும் ஐயம் படிந்து கிடக்கிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அதுதான்.

கைதட்டலை இப்போது நான் நம்புவதில்லை. தலையசைப்பை அதைவிடவும் நம்புவதில்லை. போன மாதம் உத்தமபாளையத்தில் கடைசி வரிசையில் ஒரு பெரியவர், நான் வினா எழுப்பினாலும் வசை பொழிந்தாலும் ஒரே சீராகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தினேன். கீழே இறங்கிப் போய், இதுவரை நான் சொன்னது என்ன ஐயா என்றேன். அவர் புன்னகைத்து, அதற்கும் தலையாட்டினார். ஏற்பாட்டாளர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவருடைய நாற்காலியை நானே தூக்கி வந்து மேடைக்கு அடியில் போட்டு, அவரை உட்காரவைத்தேன். அவர் பார்வை என் உதட்டில் வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கினேன்.