பலகைத் தரையில் ஒரு செம்புத் தண்ணீர்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வரப்பேற விடுகிறதா?

இங்கே வேலை நடக்கும் வீட்டில் புதிதாகப் போட்ட லாமினேட் பலகைத் தரை மட்டமா என்று பார்க்கச் சொன்னார்கள். நடவுக்கு முன் நீங்கள் வயலில் தண்ணீர் கட்டிப் பார்ப்பதுபோல் ஒரு செம்பு ஊற்றினேன். எங்கள் மேஸ்திரி, அச்சன்புதூர் ஆவுடையப்பன் அண்ணாச்சி, ஓடி வந்தார். "ஏலே, இது என்ன வயக்காடா? பலகை ஊதிரும்லே!"

என் துண்டால் துடைத்தேன். அவர் இரண்டு மீட்டர் அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்தார். அடியில் மூன்று மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கலாமாம். எங்கும் இரண்டைத் தாண்டவில்லை. மறுநாள் நான் சோதித்த இடம் மட்டும் மேடாகியிருந்தது. மற்றபடி தரை மட்டம் என்ற என் தீர்ப்பு சரியே. இரண்டு பலகை மாற்றினோம், வேலை போகவில்லை.

சாரல் தொடங்கியதும் அந்தத் துண்டுக்குப் பதிலாக ஈரிழைத் துண்டு ஒன்று வாங்கி, குற்றாலத்து அருவியில் நனைத்து, காயவைத்து அனுப்புங்கள். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்
பேச்சிராஜ்