கூலிப்படை ஏன் ஓடவில்லை

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா நலம். உன் அம்மா என்னைவிட நலம். போனைக் கையில் எடுத்தால் என்னிடம் தரமாட்டாள், அதனால்தான் கடிதம்.

முதலில் ஒரு மானக்கேடு. நீ உருவாக்குகிற அந்த விளையாட்டை ஞாயிறு மதியம் போட்டுப் பார்த்தேன். வேற்றுக்கிரகம், சுரங்கம், வேலையை விட்டு விரட்டப்பட்ட தொழிலாளிகள், அவர்களில் ஒருவன் நான். இதுவரை புரிந்தது. பக்கத்தில் ஒரு பெண், "என் பின்னால் வா" என்றாள். போனேன். எந்தப் பொத்தானை அழுத்தினேனோ, அவள் முதுகிலேயே சுட்டுவிட்டேன். "மன்னிச்சிடும்மா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, யார் வந்திருப்பது என்று எட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் தளபதி.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் எதிரிகள் எனக்கு ஒட்டவில்லை. நிறுவனம் சம்பளத்துக்கு வைத்த கூலிப்படை என்கிறாய். நாற்பது பேர் விழுந்த பிறகும் அடுத்தவன் என் துப்பாக்கிக்கு நேரே ஓடி வருகிறான். அவன் அப்பன் வீட்டுச் சுரங்கமா அது? நானும் ஏஜென்சி சட்டை போட்டுத் தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறவன்தான். ஒரு வகையில் கூலிப்படை. துப்பாக்கிக்குப் பதில் விசில். எங்கள் ஆட்களில் ஒருத்தன்கூட முதலாளிக்காக உயிரை விடமாட்டான். முதல் ஆளாக நான் ஓடுவேன். மூட்டுவலி அன்றைக்கு மட்டும் இருக்காது.

இன்னொன்று. அவர்கள் தோளில் தொங்கும் கயிறு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே?

நேரத்துக்குச் சாப்பிடு.
அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

தளபதிக்கு வணக்கம். நீங்கள் சுட்டது என் கதாநாயகியை. பரவாயில்லை, எழுந்துகொள்வாள்.

எரிகிற இடத்திலேயே கை வைத்துவிட்டீர்கள். எங்கள் குழுத்தலைவியும் இதையேதான் கேட்டார், காசுக்கு வந்தவன் ஏன் சாகிறான் என்று. மாதக் கடைசிக்குள் நம்பும்படி ஒரு காரணம் சொல்லாவிட்டால், கூலிப்படையை எடுத்துவிட்டு இயந்திரங்களை வைத்துவிடுவார்கள். இயந்திரம் ஏன் ஓடவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் தனியாக எழுதிய முதல் பகுதி அப்பா இது. எதிரே மனிதர்கள் இல்லையென்றால் அது என்னுடையதே இல்லை.

அந்தக் கயிறு உங்கள் செக்யூரிட்டி சட்டையின் விசில் கயிறுதான். எதிரிகளுக்கு என்ன உடை என்று கேட்டார்கள், நம் வீட்டு ஆணியில் தொங்கும் சட்டை கண்ணுக்குள் வந்துவிட்டது. முகத்தை மட்டும் கவசத்தால் மூடிவிட்டேன். முகம் தெரிந்தால் சுட மனம் வராது. வருத்தமா?

வாலு

மார்ச் 24

அன்புள்ள வாலுவுக்கு,

வருத்தமெல்லாம் இல்லை. என் முகத்தை மூடியது ஊருக்கே நல்லது என்கிறாள் உன் அம்மா.

போன கடிதத்தில் அளந்ததை வாபஸ் வாங்குகிறேன். இங்கே பாதிப் பேரை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை எல்லாரும் வாசலுக்கு வந்து, மேலாளரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள். விடாதே என்று எங்களுக்கு உத்தரவு. நாங்கள் ஆறு பேர். கூட்டத்தைப் பார்த்ததும் நான் செய்த முதல் காரியம், வேலி எங்கே கிழிந்திருக்கிறது என்று கண்ணால் குறித்துக்கொண்டதுதான்.

ஆனால் ஓடவில்லை. வீரம் என்று நினைத்துவிடாதே. பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த நெட்டையன், மூன்று பிள்ளைக்காரன். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். நான் போனால் இவன் தனியாக மாட்டிக்கொள்வானே என்று நின்றேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது அவன் சொல்கிறான்: "அண்ணே, நீங்க நின்னீங்களேன்னுதான் நான் நின்னேன். இல்லேன்னா அப்பவே பறந்திருப்பேன்."

முதலாளியை நாங்கள் இரண்டு பேருமே நினைக்கவில்லை. ஒரு கோழைக்கு இன்னொரு கோழை துணை, அவ்வளவுதான்.

தள்ளுமுள்ளில் ஒரு தண்ணீர் கேன் பறந்து வந்து என் புருவத்தில் பட்டது. மூன்று தையல். நெட்டையன் தடியைப் போட்டுவிட்டு என் அக்குளில் கை கொடுத்து இழுத்துப்போனான். எறிந்தவள் பேக்கிங் பிரிவில் இருந்த பெண், தினமும் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறவள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு அவளே துணியும் கொடுத்தாள். மேலாளர் அதற்கு முன்பே பின்வாசல் வழியாகப் போய்விட்டாராம்.

உன் தலைவியிடம் சொல்லிப் பார். உளறல் என்றால் விட்டுவிடு.

அப்பா

ஏப்ரல் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று தையலை ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்கள். அம்மாவும் போனில் மூச்சுவிடவில்லை. இரண்டு பேரிடமும் பேசிக்கொள்கிறேன்.

கூலிப்படை பிழைத்துவிட்டது. இப்போது அவர்கள் இருவர் இருவராக வருகிறார்கள். ஒருவன் விழுந்தால் மற்றவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு அவனை இழுத்துப்போகிறான். அந்த நேரத்தில் நாம் சுடாமல் இருந்தால் இரண்டு பேரும் சண்டைக்குத் திரும்பி வருவதில்லை. விளையாடிப் பார்த்தவர்களில் சிலர் சுடவில்லை. சுட்டவர்கள், இதையெல்லாம் ஏன் வைத்தாய் என்று என்னைத் திட்டினார்கள். தலைவி சரி என்றுவிட்டார்.

ஆனாலும் மனசு ஆறவில்லை அப்பா. விரட்டப்பட்டவர்கள் பக்கம் நின்று இந்தக் கதையை எழுதினேன். நீங்கள் அவர்களுக்கு எதிரே நின்றிருக்கிறீர்கள். அந்தப் பெண் எறிந்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் புருவத்தில் பட்டதைத் தாங்கவும் முடியவில்லை. நீங்கள் யார் பக்கம்?

வாலு

ஏப்ரல் 17

அன்புள்ள வாலுவுக்கு,

புதியதைப் போட்டுப் பார்த்தேன். ஒருவன் விழுந்தான், மற்றவன் இழுத்தான். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உன் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர்கள் கதவைத் தாண்டியதும், "போயிட்டாங்கல்ல?" என்று கேட்டாள். போய்விட்டார்கள் என்றேன். நன்றாகச் செய்திருக்கிறாய்.

நான் யார் பக்கம் என்று ஞாயிறன்று போனிலும் கேட்டாய். நான் மழையைப் பற்றிப் பேசினேன். பிள்ளை கேட்கிற கேள்விக்கு வானிலை அறிக்கை வாசிக்கிற தகப்பன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கேன் பறந்து வருவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அந்தப் பெண் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்களுமா?" என்றாள். கத்தவில்லை. தினமும் வணக்கம் சொல்கிற அதே குரல். வாசல் சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் அவள் தலைக்கு மேலே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்சநேரம் காத்திருந்தாள்.

"இல்லம்மா, நான் உங்க பக்கம்தான்" என்பது வாய்வரை வந்தும் சொல்லவில்லை.

அப்பா