குழி விழுந்த எலுமிச்சங்கட்டை

என்னைப் பெத்த அப்பாவுக்கு,

ஊட்டுல எல்லாரும் சௌக்கியம்னு எழுதக் கை வரலைங்க. அம்மா சாப்பிடறாங்க, தூங்கறாங்க, அவ்வளவுதான். பரமத்தி ரோட்டோரம் நீங்க வெச்ச எலுமிச்சந்தோட்டத்துல இப்ப காஞ்ச கட்டைங்கதான் நிக்குது.

ஒண்ணு சொல்லத்தான் எழுதறேன். சித்தப்பா உங்க மரத்துக்கு மருந்து ஊத்தலைங்க. ஆமாங்கப்பா, மறுபடியும் சொல்றேன், உங்க தம்பி ஊத்தலை.

மரம் ஒவ்வொண்ணா இலை வெளுத்து, நுனி காஞ்சு வந்த சமயம், களைக்கொல்லி கேனைத் தூக்கிட்டு அவரு வரப்புல போனதைப் பாத்தீங்க. ஏற்கெனவே உங்க ரெண்டு பேருக்கும் போர்வெல் தண்ணித் தகராறு வேற. அது போதுமே உங்களுக்கு! அம்மா கையைப் புடிச்சு இழுத்தும் கேக்காம கருப்பனார் கோயிலுக்குப் போயி, சாமி முன்னால காசை உளியால ரெண்டா வெட்டிப் போட்டு, "என் மரத்தைக் கருக்குனவன் குடி கருகோணும்"னு கத்திட்டு வந்தீங்க. கூடப் பொறந்தவருமேல காசு வெட்ட எப்படிங்க மனசு வந்துச்சு?

அப்புறம் வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அவரு மரமும் கருக ஆரம்பிச்சுது. "பாத்தியா, கருப்பனாரு காட்டிட்டாரு"ன்னுச்சு ஊரு. அன்னையில இருந்து கோயில் பொங்கலுக்கு அவரை யாரும் கூப்பிடறது இல்லை. உங்க பாடையைத் தொடக்கூட விடலைங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கமா துண்டை வாயில வெச்சுட்டு நின்னாரு. நீங்க போயும் உங்க கோவம் போகலை.

செடிநோய் ஆய்வுக்கூடத்துல எனக்கு வேலை கெடைச்சப்ப, "மாத்திரை குடுக்கத் தெரியாத டாக்டரு"ன்னு கிண்டல் பண்ணுவீங்களே. அந்த டாக்டருதான் உங்க கருமாதி முடிஞ்சு கெளம்பறப்ப, நம்ம தோட்டத்துக் கட்டையில கொஞ்சம், சித்தப்பா தோட்டத்துல உசுரோட இருக்கற கிளையில கொஞ்சம் வெட்டிட்டுப் போனேன். பட்டையை உரிச்சதுமே ரெண்டுலயும் நீளநீளமா குழி, அம்மை போட்ட மூஞ்சியாட்டம். களைக்கொல்லி பட்டா கட்டையில இப்படிக் குழி விழாதுங்க. அதோட எனக்கு மனசு ஆறலை.

கிளையை வெங்காயச் சருகைவிட மெல்லிசாச் சீவி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புல வெச்சேன். இலை ஆக்கற சாப்பாடு பட்டைக்கு அடியில குழாய்குழாயா இறங்கும். அந்தக் குழாய்க்குள்ள வைரஸ் நூல்நூலா அடைஞ்சு கெடந்துச்சு. லேசர் மைக்ரோஸ்கோப்புல அடுக்கடுக்காப் பாத்தா, கட்டை பருக்க வேண்டிய எடத்துல வளர்ச்சி நின்னு பள்ளமாப் போயிருக்குது. வேருக்குச் சாப்பாடு சரியாப் போகாம, பட்டினி கெடந்து செத்திருக்குதுங்க நம்ம மரம்.

எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. தோட்டத்து மேல்வரிசைக்குன்னு வெளியூர்ல இருந்து ஆசைஆசையா ஒட்டுக்கன்னு கொண்டாந்து நட்டீங்களே, குழி பழசா, ஆழமா இருக்கறது அந்தக் கட்டைங்கள்லதான். அங்க இருந்து சாறு உறிஞ்சற அசுவினிப் பூச்சி மத்த மரத்துக்கும், வரப்பைத் தாண்டிச் சித்தப்பா மரத்துக்கும் கொண்டு போயிருக்கோணும். கருப்பனாரு ஒண்ணும் காட்டலைங்கப்பா. அது நம்ம தோட்டத்து நோவு.

ஆய்வுக்கூடத்துல உக்காந்து அழுதேன். உங்களுக்காகவா, அவருக்காகவான்னு எனக்கே தெரியலை.

போன ஞாயித்துக்கிழமை மைக்ரோஸ்கோப்புல புடிச்ச படத்தை எடுத்துட்டு சித்தப்பா ஊட்டுக்குப் போனேன். "வா சாமி"ன்னு கட்டில்ல நகந்து எடம் குடுத்தாரு. கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"நான் ஊத்தலைன்னு இதுல தெரியுதா கண்ணு?"

"தெரியுதுங்க சித்தப்பா."

"எனக்குத்தான் அது தெரியுமே. அண்ணனுக்குத் தெரியாமப் போச்சே."

கோயில்ல ஊரைக் கூட்டிச் சொல்லீரலாம்னேன். பதறிட்டாரு. "செத்தவரை இழுத்தாந்து கோயில்ல நிறுத்தி, நீ பண்ணுனது தப்புன்னு சொல்றதா? எங்கண்ணன் பேரு கெட்டுப் போயிரும். இத்தனை நாளு சுமந்தாச்சு, மிச்சத்தையும் நானே சுமந்துக்கறேன், உடு சாமி."

அப்பா, இவரையா? இந்த மனுசனையாங்க கருகோணும்னீங்க?

காசு வெட்டுனவங்கதான் வந்து சொல்லை வாபஸ் வாங்கோணுமாம். இல்லீன்னா அவங்க ரத்தத்துல பொறந்தவங்க வரோணும்ங்கறாரு பூசாரி. வர்ற கோயில் பொங்கலுக்கு நான் போறேன். படத்தைக் கையில வெச்சுட்டு, கூட்டத்துக்கு நடுவுல நின்னு, எங்கப்பா தப்புப் பண்ணிட்டாருன்னு உங்க பேரைச் சொல்லியே சொல்லுவேன். சித்தப்பா கோவிச்சுக்கட்டும். அம்மா ஒரு மாசம் பேசாம இருக்கட்டும். நீங்க இருந்திருந்தா இதை நீங்களே செஞ்சிருப்பீங்கன்னு நம்பத்தான் ஆசைப்படறேன். செஞ்சிருப்பீங்களா?

இப்படிக்கு,
உங்க பேரைக் கெடுக்கப் போற
உங்க மூத்த மக