படிப்பின் மேல் போட்ட பழி

இபாண்டா,
மார்ச் 14

அன்பு மகள் கெம்பாபசிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் அயேபாரேயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். மழை பிந்திவிட்டது. வாழைத்தோட்டம் வாடிக் கிடக்கிறது, ஆனாலும் அம்மா கேழ்வரகுக் கூழ் காய்ச்சாத நாளில்லை, உன் பங்கையும் சேர்த்து என் தலையில் கட்டுகிறாள்.

உன் இடுப்பு வலியைப் பற்றி நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. பதினெட்டு வருஷம் நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிய இடுப்பு, இனிமேல் தாங்காது என்று டாக்டரே சொன்ன பிறகு வேறு வேலைக்குத்தான் மாற வேண்டும். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் போக எம்பிஏ படிக்கலாமா, நாற்பத்து மூன்று வயதில் அது உதவுமா என்று கேட்டாய். கேட்டுவிட்டு நீயே, "ஒரு தடவ கம்பாலாவுல என்னை வேண்டாம்னுட்டாங்க, அது எனக்கு வராதுப்பா" என்றாய். அதைக் கேட்டதும் நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நாற்பத்தாறு வயதில் அதே படிப்பைப் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். அரசாங்க மாட்டு வைத்தியர் வேலையை விட்டு, இரண்டு வருஷம் சனி ஞாயிறுகளில் பஸ்ஸில் கம்பாலா போய் வந்தேன். பால் சங்கத்தில் மேலாளராகவும் வைத்தார்கள். எட்டே மாதத்தில் வெளியே வந்தேன். அந்தப் படிப்பு நம்ம ஊருக்கு ஆகாது, ஏமாற்றுவேலை என்று உங்களிடமெல்லாம் சொன்னேன். நடந்தது அதுவல்ல. முதல் வாரமே படிவம் அச்சடித்து, சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவர்களிடம் வீட்டுக்கு எத்தனை மாடு என்று எழுதி வாங்கப் போனேன். பத்தொன்பது வருஷம் அவர்கள் பட்டியில் கால் வைத்தவன் நான், ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை, பசுக்கள் சௌக்கியமா என்றுதான் கேட்பேன். எண்ணினால் மந்தைக்கு ஆகாது என்று நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கிழவர் ருவாபுகாரே என் முகத்துக்கு நேராகவே, "என் மாட்ட நானே எண்ணுனதில்ல டாக்டரே. கம்பாலா போயிட்டு வந்து நீங்க எண்ணித் தரப் போறீங்களாக்கும்" என்றார். நானும் விடவில்லை. பட்டியின் கதவருகே நின்று விரலை நீட்டி எண்ணினேன். மறுநாளே பாலெல்லாம் வேறு சங்கத்துக்குப் போனது, எட்டு மாதம் கெஞ்சியும் திரும்பவில்லை. அன்றைக்கு இதைக் கேட்டு உன் அம்மா சிரித்தாள். "எத்தனைன்னு எதுக்குக் கேட்டீங்க? பேரைச் சொல்லுங்கன்னு கேட்டிருந்தா ஒவ்வொரு மாட்டு பேரையும் வரிசையா பாடியிருப்பாரே. நீங்க வீட்டுக்கு வந்து அந்தப் பேரை எண்ணியிருக்கலாமே" என்றாள். படிப்பு என்னைக் கெடுக்கவில்லை மகளே. படித்த திமிரில் தெரிந்ததை நானே மறந்தேன். அதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுப் படிப்பின் மேல் பழி போட்டேன்.

இனி எழுதப் போவதை உட்கார்ந்து படி. ஏழு வருஷத்துக்கு முன் கம்பாலா பல்கலைக்கழகம் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. இடம் கொடுத்திருக்கிறோம் என்று கடிதம் வந்தது. நம் வீட்டுத் தபால் எல்லாம் என் பெட்டிக்குத்தானே வரும். பிரித்துப் படித்தேன், சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஏதாவது வந்ததா என்று நீ மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் இல்லை என்றேன். சேர வேண்டிய நாள் கடந்ததும் கிழித்துப் போட்டேன். நான் பட்ட அவமானம் உனக்கு வேண்டாம் என்றுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். அதே படிப்பில் நீ தேறிவிட்டால் என் சாக்கு என்னாகும் என்று பயந்தேன். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டதாக நினைத்து நீ மனம் விட்டுப்போய் அடுத்த வருஷமே வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்டாய். இங்கேயே இருந்திருக்க வேண்டியவளை நான்தான் அனுப்பி வைத்தேன். அயேபாரேயை நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. கடிதத்தைக் கிழித்ததை உன் அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

படி, படிக்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. வார்டிலிருந்து அலுவலகத்துக்குப் போன நர்ஸ் இரண்டு பேரையாவது பார்த்து, பட்டம்தான் கதவைத் திறந்ததா, இல்லை அனுபவமே போதுமா என்று கேள். முடிவு உன்னுடையது.

பாரம் எதையும் தூக்காதே, வெந்நீர் ஒத்தடத்தை விடாதே. மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசிகள். கடவுள் உன்னை நல்லபடியாக வைக்கட்டும். என்னோடு பேச மனம் வராவிட்டால் அம்மாவிடமாவது பேசு. ஆனால் எனக்கு வராது என்று மட்டும் இனி யாரிடமும் சொல்லாதே. உனக்கு வந்தது, நான்தான் தரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
யோசாமு கட்டுங்கி