கினிலாவுக்குப் புளி காணுமோ, அம்மா?

என் செல்ல அம்மாவுக்கு,

குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, வெறும் தொட்டிக்குள் இருந்துகொண்டு எழுதுகிறேன். என் அறையில் பிக்கரிங்கிலிருந்து வந்த மாமி படுத்திருக்கிறார். அப்பாவின் அக்காவுக்கு நித்திரையிலும் காது கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. தாள் சரசரப்பது கேட்கக் கூடாது என்று மேலே காற்றாடியைப் போட்டுவிட்டிருக்கிறேன்.

நாளை உங்கள் எட்டுச்செலவு, நீங்கள் போய் எட்டாம் நாள் படையல். உங்கள் பிலிப்பீன்ஸ் தீவில் இந்த வழக்கம் இல்லையே, அதனால் சொல்கிறேன். இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்துவார்களாம். அந்த நேரம் நீங்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவீர்களாம். மாமி இதைச் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே பயம். நீங்கள் வருவதில் எனக்கு என்ன பயம்? வந்து அந்த இலையைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டில் என்னை ஒருவருக்கும் தெரியவில்லையே" என்று திரும்பிப் போய்விடுவீர்களோ என்றுதான்.

"பிள்ளை, கொம்மாவுக்கு என்னென்ன விருப்பம்? யோசிச்சுச் சொல்லு" என்று மாமி நேற்றுக் கேட்டார்.

யோசிக்க என்ன இருக்கிறது? "கினிலாவ்" என்றேன்.

"உந்தப் பச்சை மீனோ? ஆரும் படையலுக்குப் பச்சை மீன் வைப்பினமோ? வாற சனம் என்ன சொல்லும்? நான் கணவாய்க்கறி வைக்கிறன். என்ர கணவாய்க்கறி எண்டால் அவளுக்கு உயிர்."

அதுவும் உண்மைதான். சட்டியை விரலால் வழித்துச் சாப்பிடுவீர்கள். அதைச் சொல்லும்போது மாமியின் குரல் உடைந்துபோனது. அதற்குப் பிறகு எப்படி நான் வாய் திறப்பது? அப்பாவைப் பார்த்தேன். அவர் கீழே ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா இப்போது கதைப்பதே இல்லை, அம்மா. "வெங்காயச் சம்பலுக்கை மீன் தவறி விழுந்திட்டுது" என்று உங்களைச் சீண்டிக்கொண்டே, கினிலாவைப் புட்டோடு குழைத்து இரண்டாம் தரமும் கேட்கிற அப்பா எங்கே போனார்?

இன்று அவரும் மாமியும் வாழையிலை வாங்கப் போன நேரம் நான் உங்கள் பிலிப்பீன்ஸ் கடைக்கு ஓடினேன். நீங்கள் வாங்கும் அதே மீன், நாங்கள் அறக்குளா என்பது. உங்கள் ஊர்க் கடலிலும் எங்கள் ஊர்க் கடலிலும் ஒரே மீன் ஓடுகிறது என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள். கடைக்காரர் துண்டைக் கையில் தந்துவிட்டு, "அம்மா வரேல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பிழையாய்ப் போனால் வேண்டும் என்று பாதி மீனை மறைத்து வைத்துவிட்டு மற்றப் பாதியைச் சின்னச் சதுரமாக வெட்டினேன். முதலில் வினாகிரியில் அலசிப் பிழிந்து அந்தக் கலங்கல் நீரைக் கீழே ஊற்றினேன். பிறகு புது வினாகிரி, இஞ்சி, சிவப்பு வெங்காயம், பச்சை மிளகாய். ஜன்னலோரச் சட்டியிலிருந்து உங்கள் ஊர்க் குட்டி எலுமிச்சையான கலமன்சியைப் பறித்துப் பிழிந்தேன். மாமி அதை "நல்ல தேசிக்கண்டு" என்கிறார். நான் திருத்தவில்லை. கடைசியில் தேங்காய்ப் பால். எல்லாம் நீங்கள் செய்கிற மாதிரியே.

கரண்டியைத் தூக்கிய பிறகுதான் கை நின்றது.

இந்த இடத்தில் நீங்கள் கரண்டியை என் வாயருகே நீட்டுவீர்கள். "அனாக், புளி காணுமோ?" உங்கள் மொழியில் பிள்ளையைக் கூப்பிட்டு, அப்பாவின் மொழியில் கேட்பீர்கள். நான் நுனி நாக்கில் வைத்துப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்பேன். மிச்சத்தை அதே கரண்டியால் நீங்கள் சாப்பிட்டுவிட்டு, "என்ர நாக்குக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீதான் சொல்லவேணும்" என்பீர்கள். நான் சரியென்று சொல்லாமல் கினிலாவ் ஒருநாளும் மேசைக்கு வந்ததில்லை.

ஆனால் காலையில் பயற்றம் பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கடிக்கப் போனபோது மாமி கையில் தட்டியிருந்தார். "படையலுக்குச் செய்யிறதை வாயிலை வைக்கப்படாது. எச்சில் பட்டால் அவ வந்து தொடமாட்டா."

நீங்கள் தொடாமல் போய்விட்டால்? கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன். உப்பை ஒரு குத்துமதிப்பாகப் போட்டு, பழைய ஐஸ்கிறீம் பெட்டிக்குள் ஊற்றி, ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் ஒளித்தேன்.

பின்னேரம் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை வாங்கியவர் என் கையை விடவில்லை. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"உன்ர கையிலை அம்மா மணக்குது" என்றார்.

அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணியைக் குடித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டதா, அம்மா? தெரிந்தும் பேசாமல் இருந்தாரா?

மாமி படுத்த பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். மீன் வினாகிரியில் அதிகம் ஊறி முழுக்க வெளுத்து, சோக்கட்டி மாதிரி உதிர்ந்தது. நடுவில் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடம் எங்குமே இல்லை. "பிசைஞ்ச கையோட சாப்பிடவேணும், மீன் காத்திராது" என்று நீங்கள் அப்பாவைக் கத்திக் கூப்பிடுவது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. வெறும் புளிப்பு. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஒளித்துச் செய்தால் அது கினிலாவ் இல்லை, அம்மா. இலை போட்ட பிறகு, வந்த சனத்துக்கு முன்னால், மாமியின் கணவாய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும். ருசியும் பார்க்க வேண்டும்.

மறைத்த பாதி மீன் இன்னும் இருக்கிறது. நாளை அதைச் செய்வேன். மாமி எச்சில் என்று கத்தினால் என்ன சொல்வது என்று இந்தத் தொட்டிக்குள் மெல்லச் சொல்லிப் பழகுகிறேன். "அம்மா எந்த நாளும் என்ர எச்சில் கரண்டியாலைதான் சாப்பிட்டவ, மாமி." இங்கே குரல் வருகிறது. அங்கேயும் வர வேண்டும்.

கதவைச் சாத்தியதும் சுணங்காமல் வாருங்கள். இலையின் ஓரத்தில் சின்னக் கிண்ணம் இருக்கும். அதற்குள் ஒரு கரண்டி இருக்கும், நான் புளி பார்த்த கரண்டி. அதைக் கழுவ யாரையும் விடமாட்டேன்.

கதவுக்கு வெளியே காத்திருக்கும்
உங்கள் அனாக்,
ஆரணி