இன்னும் கட்டாத அறைக்குள்

புது ரப்பர் வாசனை இன்னும் என் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. இன்று காலை உன் மகள் என் தலையில் மாட்டிவிட்ட கண்ணாடியின் வாரிலிருந்து வந்தது. மூக்குக் கண்ணாடி என்று நினைத்துவிடாதே, நண்பா. கண்ணைச் சுற்றி முகத்தையே மூடிவிடுகிறது.

வெம்பக்கோட்டைப் பாதையில் வெறும் கரிசல் பொட்டலில்தான் நின்றேன். கண்ணாடிக்குள் அங்கே உன் மகள் கணினியில் வரைந்த பட்டாசு ஆலை எழுந்து நின்றது. திரும்பினால் சுவர், நிமிர்ந்தால் கூரை. கனசதுரம் எது என்று காட்ட முப்பது வருடம் சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிப் பிடித்தவன் நான். இன்று அந்த டப்பாவுக்குள்ளேயே நுழைந்துவிட்டதுபோல இருந்தது.

திங்கட்கிழமை அஸ்திவாரம். எஞ்சினீயர்கள் எல்லோரும் பார்த்து, சரி என்று சொல்லியாயிற்று. அங்கே வேலை செய்யப்போகிற பெண்களும் பார்க்கட்டும் என்று உன் மகள் வரச் சொல்லியிருந்தாள். பட்டாசுச் சரம் பின்னும் முத்துமாரி கண்ணாடியை மாட்டியதும் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பாய் விரிக்கவா என்று ஒருத்தி கேலி செய்ய, மற்றவர்கள் சிரித்தார்கள். முத்துமாரி சிரிக்கவில்லை.

"கதவ எங்கன வச்சிருக்கீக, தாயி? எனக்குப் பெட்டி அடுக்குற மேடைதான் தெரியுது."

உன் மகள் முகம் வெளுத்தது. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. பார்த்தவர்கள் எல்லோரும் நின்றுகொண்டு பார்த்திருக்கிறோம். பொறி விழுந்தால் கதவைத் தேட நேரம் ஏது? அங்கேயே கணினியில் மேடையை நகர்த்தினாள். "ஆங், இப்ப வெளிச்சம் தெரியுது" என்றாள் முத்துமாரி.

ஆலைகளுக்கு வரைபடம் போட்ட காலத்தில், நீ தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, சுவருக்குப் பதில் ஓலைத் தட்டி நிறுத்தி, ஆட்களை உட்காரவைத்துப் பார்ப்பாய். ஒருநாள் என்னையும் உட்காரச் சொன்னாய். சலவை வேட்டி அழுக்காகிவிடும், தாளைப் பார்த்தாலே புரிகிறது என்றேன்.

"நிக்கிறவனுக்கு எல்லாந்தாம்லே புரியும்" என்று சொல்லிவிட்டு நீ கோட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாய்.

இன்று பெண்கள் போனபிறகு நானும் உட்கார்ந்தேன். எழுந்திருக்க உன் மகள்தான் கை கொடுத்தாள். வீட்டுக்கு வந்து ஒவ்வோர் அறையிலும் தரையில் உட்கார்ந்து, வாசல் தெரிகிறதா என்று பார்த்தேன். இனி எங்கே போனாலும் அப்படித்தான் பார்ப்பேன் போலிருக்கிறது.